புரோஸ்டேட் பயாப்ஸிக்குப் போகிறீர்களா? வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கோப்பிக் கடைகளில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்தால் இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்தக் கொதிப்பு, முட்டி வலி எல்லாம் பேச்சில் வந்துவிடும். யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது, எந்த கிளினிக்கில் டாக்டர் பொறுமையாகக் கேட்கிறார் என்று ஒளிவுமறைவில்லாமல் பேசிக்கொள்வார்கள். ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூமுக்கு ஓடுவதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. அது இடுப்புக்குக் கீழே உள்ள சமாச்சாரம். சொன்னால் கேலி வரும், இல்லாவிட்டால் வயசாகிவிட்டது என்ற பேச்சு வரும்.

இந்தப் பழக்கம் பயாப்ஸி வரைக்கும், அதாவது புரோஸ்டேட் சுரப்பியில் ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்துப் புற்றுநோயா என்று பார்க்கும் சோதனை வரைக்கும், கூடவே வருகிறது. இரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் புரதம் கூடியிருக்கிறது என்று சொல்லி, சுகாதார கிளினிக்கிலிருந்து ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கே பயாப்ஸிக்குத் தேதி கிடைக்கிறது. மனைவியிடம் "சும்மா செக்கப்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. முடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து படுத்துக்கொள்கிறார். பயாப்ஸி என்னவோ இருபது நிமிட வேலைதான். ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்குள் சிலருக்கு வரக்கூடிய ஒரு காய்ச்சல் இருக்கிறது. விவரம் தெரியாத வீட்டில் பனாடோல் (பாராசிட்டமால்) இரண்டைக் கொடுத்து, போர்த்திப் படுக்கவைத்துவிடுவார்கள். அந்த ஒரு ராத்திரியில் உயிரே போகலாம். அதனால்தான் பயாப்ஸி பற்றி எழுத உட்கார்ந்தால் ஊசியைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சுரப்பி. புரோஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு நேர் முன்னால் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் இதன் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. விந்தோடு கலக்கும் நீரில் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை. வாலிபத்தில் 20 கிராம் அளவில் இருக்கும். ஐம்பதுக்கு மேல் பலருக்கும் பெருக்கத் தொடங்கும். பெருத்தால் நடுவே போகும் குழாய் நெருக்கப்படுகிறது. ஒன்றுக்கு அடிக்கடி வருவது, வந்தும் முழுசாகப் போகாதது, சொட்டுச் சொட்டாக விழுவது எல்லாம் பெரும்பாலும் அதனால் வருபவை. இது வயதோடு வரும் வீக்கம், புற்றுநோய் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில் தொடங்குவதால் ஆரம்பத்தில் குழாயை நெருக்குவதே இல்லை. ஆகவே "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, எதற்கு டெஸ்ட்" என்ற வாதம் நிற்காது. ராத்திரி நாலு தடவை எழுகிறவர் "எனக்குக் கேன்சர்தான்" என்று ஒடிந்துபோகவும் காரணமில்லை.

மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்கு வெளியிட்ட அறிக்கையில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், நுரையீரல் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக வருவது புரோஸ்டேட். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மூன்றாம் கட்டத்திலோ நான்காம் கட்டத்திலோதான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். முதுகெலும்புக்குப் பரவி, வலி தாங்காமல் வந்து படுக்கிறவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் இரத்தத்திலும் கசியும். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது பல காலமாகச் சொல்லப்படும் எல்லை. 4-க்கும் 10-க்கும் இடையில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். பெருத்த சுரப்பி, சிறுநீர்த் தொற்று, அடைப்புக்காகக் குழாய் போட்டது, எல்லாமே அந்த எண்ணை ஏற்றிவிடும். பரிசோதனைக்கு முந்தின ஓரிரு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும் சற்று ஏறும். அதனால் எண் கூடியவுடனே ஊசியைத் தூக்குவதில்லை. தொற்று இருந்தால் குணப்படுத்தி, சில வாரம் விட்டு, மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

எண் இறங்கி ஏமாற்றுவதும் உண்டு. ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு என்ற மாத்திரைகள் பெருத்த சுரப்பியைச் சுருக்கக் கொடுப்பவை. ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். தாளில் 3 என்று வந்தால் டாக்டர் அதை 6 என்று கணக்கில் எடுக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் ஒரு மாத்திரை, அரசாங்க கிளினிக்கில் இன்னொன்று என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. ஒரு பக்கத்து மருந்து மறுபக்கத்து டாக்டருக்குத் தெரியாவிட்டால் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

டாக்டர் கையுறை போட்டு, விரலை மலவாயில் விட்டு சுரப்பியைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. அரை நிமிடம் ஆகும். கட்டி கல்லாக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் மேடாக இருக்கிறதா என்பது விரலுக்குத் தெரியும். இதற்குப் பயந்தே அப்பாயின்மெண்டைத் தட்டிக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

அடுத்தது எம்ஆர்ஐ ஸ்கேன். இப்போது பல இடங்களில் பயாப்ஸிக்கு முன்பே இதை எடுக்கிறார்கள். சுரப்பியில் சந்தேகமான இடம் இருந்தால் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 என்றால் சந்தேகம் வலுவானது. 2018-இல் வெளியான பிரிசிஷன் என்ற ஆய்வு 11 நாடுகளில் 500 ஆண்களை வைத்து நடந்தது. எம்ஆர்ஐ முதலில் எடுத்த பிரிவில் 28 விழுக்காட்டினருக்கு பயாப்ஸியே தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் அந்தப் பிரிவில் 38 விழுக்காட்டினரிடமும், பழைய முறைப்படி நேராக பயாப்ஸிக்குப் போன பிரிவில் 26 விழுக்காட்டினரிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. அரசாங்க மருத்துவமனையில் எம்ஆர்ஐக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். "எனக்கு எம்ஆர்ஐ எடுத்துவிட்டு பயாப்ஸி செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. தனியாரில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறவர்களும் உண்டு.

சரி, பயாப்ஸி எதற்கு? பிஎஸ்ஏ, விரல், எம்ஆர்ஐ மூன்றும் சந்தேகத்தை மட்டுமே சொல்லும். செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா, இருந்தால் எவ்வளவு முரட்டுத்தனமானது என்பது தெரியும். இங்கேதான் நம் ஆட்களை ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. "கட்டியில் ஊசி பட்டால் உடம்பு முழுக்கப் பரவிவிடும்" என்று தோட்டத்துக் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். அப்போதெல்லாம் முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், அறுவை முடிந்து சில மாதத்தில் இறந்தவர்களைப் பார்த்தவர்கள், கத்திதான் பரப்பியது என்று முடிவு கட்டினார்கள். பரவியிருந்தது கத்தி படுவதற்கு முன்பே. புரோஸ்டேட் பயாப்ஸி ஊசி சென்ற வழியில் புற்றுநோய் படிவது மிக மிக அபூர்வம். அதற்குப் பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரியது.

ஊசி போகும் வழி இரண்டு. ஒன்று மலக்குடல் வழி. விரல் பருமன் உள்ள அல்ட்ராசவுண்டு கருவியை மலவாயில் விட்டு, திரையில் சுரப்பியைப் பார்த்துக்கொண்டே, குடல் சுவரைத் துளைத்து ஊசி போடுவார்கள். 1989-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இப்படி ஆறு இடங்களில் வரிசையாகத் துண்டு எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். பிறகு அது 10, 12 துண்டுகளாக வளர்ந்தது. எம்ஆர்ஐயில் சந்தேகமான இடம் இருந்தால் அங்கே கூடுதலாக இரண்டு மூன்று துண்டு எடுப்பார்கள். இரண்டாவது வழி, விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாக. இதிலும் அல்ட்ராசவுண்டு கருவி மலவாயில்தான் இருக்கும். ஆனால் ஊசி சுத்தம் செய்யப்பட்ட தோல் வழியாகப் போகும்.

இந்த வித்தியாசம் பெரியது. குடலில் இ.கோலை போன்ற கிருமிகள் எப்போதும் இருக்கும், அங்கே இருக்கும்வரை கெடுதல் செய்யாது. ஊசி குடல் சுவரைத் துளைக்கும்போது அவற்றைச் சுரப்பிக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் இழுத்துச் சென்றுவிடலாம். முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற மருந்துகளுக்கு இப்போது பல கிருமிகள் மசிவதில்லை. குடல் வழி பயாப்ஸி செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை தொற்றினால் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தோல் வழியில் கடுமையான தொற்று மிகக் குறைவு. ஐரோப்பிய யூராலஜி (சிறுநீரகவியல்) சங்கத்தின் வழிகாட்டியும் இப்போது தோல் வழியையே முதலாவதாகச் சொல்கிறது. எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது. குடல் வழிதான் என்றாலும் தகுந்த மருந்து கொடுத்து, அயோடின் கரைசலால் மலக்குடலைச் சுத்தம் செய்து அபாயத்தைக் குறைக்கிறார்கள். எந்த வழி என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வீடு திரும்பிய பிறகு எதற்கு விழித்திருக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

நம்மவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க ஒரு காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. இனிப்பு கட்டுக்குள் இல்லாதவருக்குத் தொற்று சுலபமாக வரும், வேகமாக முற்றும். பயாப்ஸிக்கு முந்தின வாரங்களில் மருந்தையும் சாப்பாட்டையும் ஒழுங்காக வைத்துக்கொள்வது ஊசியைத் தாங்கும் தைரியத்தைவிட முக்கியம். கடந்த ஆறு மாதத்தில் எதற்காகவாவது ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும், இந்தியாவுக்குப் போய் வந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். எந்த மருந்துக்கு மசியாத கிருமி உடம்பில் தங்கியிருக்கக்கூடும் என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் யோசிப்பார்.

போகும்போது வீட்டில் உள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்துகள்தான் முக்கியம். வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சில நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்லலாம். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தானாகவே நிறுத்திவிட்டால் மாரடைப்பில் கொண்டுபோய் விடும். எதையும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். நெருஞ்சில் கஷாயம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் என்று சாப்பிடுவதையும் மறைக்க வேண்டாம். சிலவற்றால் இரத்தக் கசிவு கூடலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும்? குடல் வழி என்றால் இடது பக்கமாகப் படுத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொல்வார்கள். முதலில் ஜெல் தடவிய கருவி உள்ளே போகும். அது வலியைவிட அழுத்தமாகத்தான் தெரியும், வெளிக்கு வருவது போன்ற உணர்வு வரும், அது இயல்பு. அடுத்து சுரப்பியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. அது சுருக்கென்று இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மரத்துவிடும். பயாப்ஸி ஊசி ஸ்பிரிங் வைத்த துப்பாக்கியில் பொருத்தப்பட்டிருக்கும். "அங்கிள், சத்தம் இப்படித்தான் வரும், பயந்து நகர்ந்துவிடாதீங்க" என்று மிஸி (நர்ஸ்) சொல்ல, டாக்டர் ஒருமுறை வெறுமனே அழுத்திக் காட்டுவார். 'டக்'கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு டக்குக்கும் உள்ளே ஒரு சின்ன உதறல் தெரியும். பலரும் வலியைவிட அந்தச் சத்தத்தைத்தான் பிறகு சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், நூல் துண்டு போல வெள்ளையாக ஒரு சதை வரும். எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதிய சின்னப் போத்தலில் ஃபார்மலினில் போட்டு மூடுவார்கள். தோல் வழி என்றால் மல்லாந்து படுத்து, காலைத் தாங்கியில் தூக்கி வைப்பார்கள். சில இடங்களில் மயக்கம் கொடுத்தும் செய்வார்கள், அப்போது முந்தின இரவிலிருந்து சாப்பிடக்கூடாது, இனிப்பு நீர் மாத்திரையை என்ன செய்வது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, ஒன்றுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவார்கள். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் 30 கிலோமீட்டர் அளவில்தான். ஆனாலும் தனியாக மோட்டாரில் திரும்பி வர வேண்டாம். யாராவது காரில் கூட்டி வர வேண்டும். "யாரைக் கூப்பிடுவது, எல்லாருக்கும் வேலை இருக்கிறது" என்று நினைக்கிறவருக்குச் சொல்கிறேன்: கூப்பிட்ட அந்த ஒருவருக்காவது விஷயம் தெரிந்துவிடும். அதுவே பாதி பாதுகாப்பு.

இப்போது அந்தக் காய்ச்சல். முதல் இரண்டு மூன்று நாளில்தான் பெரும்பாலும் வரும், ஒரு வாரம் வரைக்கும் வரலாம். உடம்பு 38 டிகிரியைத் தாண்டுவது, பல் கிட்டி நடுங்குவது, எழுந்தால் தலை சுற்றுவது, பேச்சு குழறுவது, ஒன்றுக்கு எரிச்சலோடு போவது. இதில் குளிர் நடுக்கம் ஒன்றே போதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகள் கெடத் தொடங்கும். 999-ஐ அழையுங்கள், அல்லது கார் இருந்தால் உடனே புறப்படுங்கள்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "புரோஸ்டேட் பயாப்ஸி செய்து மூணு நாள் ஆகிறது." இதைச் சொல்லாவிட்டால், தோட்டப்புற ஊரில் காய்ச்சலோடு வரும் வயதானவரைப் பார்த்ததும் டாக்டருக்கு டிங்கியும் எலிக் காய்ச்சலும்தான் முதலில் ஞாபகம் வரும். சாதாரணக் காய்ச்சல் என்று, அவசரமில்லாதவர்கள் காத்திருக்கும் பச்சை மண்டலத்தில் உட்காரவைத்துவிட்டால் நேரம் போய்விடும். சொல்லிவிட்டால் அவர்கள் இரத்தமும் சிறுநீரும் எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, நரம்பு வழியே மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். ஏற்கெனவே கொடுத்த ஆண்டிபயாடிக்குக்கு மசியாத கிருமியாக இருக்கக்கூடும் என்பதால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்காகத்தான் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோகச் சொல்வது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு அக்காவின் கணவருக்கு இப்படித்தான் ஆனது. பால் மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, கடைசியாக ஜாகா (காவலாளி) வேலை பார்த்த மனுஷன். பயாப்ஸிக்குப் போகும்போது வீட்டில் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அந்த அக்கா மடித்துத் தன் பர்ஸில் ஐசியோடு (அடையாள அட்டையோடு) வைத்துக்கொண்டார். நடுராத்திரியில் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். மனுஷன் "ஒண்ணுமில்ல, கம்பளி போடு" என்றாராம். அக்கா கம்பளியைப் போடவில்லை, பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி காரை எடுக்கச் சொன்னார். அவசரப் பிரிவில் அந்தத் தாளை நீட்டினார். வாட்டில் படுத்து, மருந்து ஏற்றி, நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். "அவர் சொல்லாம போயிருந்தா நானும் கம்பளிதான் போட்டிருப்பேன்" என்று அக்கா சொன்னது உண்மை. நிறைய வீடுகளில் கம்பளிதான் போடுவார்கள்.

காய்ச்சல் தவிர உடனே போக வேண்டிய இன்னும் இரண்டு நிலை உண்டு. ஒன்றுக்கு வருகிறது, அடிவயிறு முட்டுகிறது, ஆனால் போக முடியவில்லை என்றால் அது அடைப்பு. குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இரத்தம் கட்டி கட்டியாக வந்தாலும், மலவாயிலிருந்து நிற்காமல் ஓடினாலும் அதே.

மற்றபடி இரத்தம் பார்ப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். சிறுநீர் சில நாளைக்கு இளஞ்சிவப்பாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். வெளிக்குப் போகும்போது இரண்டு மூன்று நாள் இரத்தம் ஒட்டும். தண்ணீர் நிறையக் குடிக்கலாம், இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முக்கக் கூடாது என்பதால் பப்பாளி, கீரை என்று மலம் இளகும்படி சாப்பிடுவது நல்லது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆனால் அதைப் போடுவதற்கு முன் உடம்புச் சூட்டை அளந்துவிடுங்கள், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். ஒரு தெர்மோமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது இந்த வாரத்துக்குச் செய்யும் நல்ல செலவு.

யாரும் சொல்லாமல் விடுவது விந்தில் வரும் இரத்தம். முதலில் சிவப்பாகவும், போகப் போகப் பழுப்பாகவும் நாலு முதல் ஆறு வாரம் வரை வரலாம், சிலருக்கு அதற்கு மேலும் நீளும். கெடுதல் இல்லை, மனைவிக்கு எதுவும் தொற்றாது. முன்கூட்டித் தெரியாதவர் அதைப் பார்த்து அரண்டுபோய், கேன்சர் வெளியே வருகிறது என்று நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடப்பார். அவருடைய மனைவியும் வேறு ஏதோ நோய் என்று சந்தேகப்பட்டுக் கலங்குவார். சில வாரம் விறைப்பு குறைவதும் சிலருக்கு உண்டு. பெரும்பாலும் தானாகச் சரியாகும். அறுபதிலும் எழுபதிலும் தம்பதிகளுக்கு இடையே இதெல்லாம் இல்லை என்று நினைத்து டாக்டரும் சில சமயம் சொல்லாமல் விட்டுவிடுகிறார். கேளுங்கள். தமிழில் கேட்கக் கூச்சமாக இருந்தால் மலாயில் கேளுங்கள்.

வேலையைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபீஸில் உட்காருகிறவருக்கு இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) போதும். செம்பனைக் குலை 20 கிலோ சாதாரணமாக இருக்கும், அதைத் தூக்கி வண்டியில் போடுகிறவருக்கு அது போதாது. பாரம் தூக்கினாலும் கம்பை உயர்த்திக் குலை வெட்டினாலும் இரத்தம் மறுபடி கசியும். என்ன வேலை என்று டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லி ஒரு வாரத்துக்கு எம்சி கேளுங்கள். மோட்டார் ஓட்டுவதைச் சில நாள் விடுங்கள், அமரும் இடமும் குத்திய இடமும் ஒன்றுதான். ஜாகா வேலைக்கு இரண்டு மூன்று நாளில் போகலாம், ஆனால் ராத்திரி ஷிஃப்டில் தனியாக இருக்க வேண்டாம். தைப்பூச நேரம் என்றால், ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டவர் தேதி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பயாப்ஸியை ஒன்றிரண்டு வாரம் தள்ளுவதால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த அப்பாயின்மெண்டுக்கு ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், கேன்சர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அதற்குப் பிறகு டாக்டர் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. புற்றுநோய் இருந்தால் கிளீசன் மதிப்பெண் என்று ஒன்று சொல்வார்கள். 1960-களில் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் வகுத்த முறை. இப்போது 6 முதல் 10 வரை சொல்கிறார்கள், கூடவே 1 முதல் 5 வரை ஒரு தரமும் போடுகிறார்கள். 6 என்பது பத்துக்கு ஆறு என்ற பயமுறுத்தும் எண் இல்லை, இருப்பதிலேயே சாதுவானது அதுதான். அவர்களில் பலருக்கு அறுவையும் கதிர்வீச்சும் இல்லாமல் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, மறு பயாப்ஸி என்று கண்காணித்தே வருகிறார்கள். பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று பிரிவாக்கி 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2023-இல் வந்த முடிவின்படி மூன்று பிரிவிலும் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவில்தான். அவர்கள் எல்லாரும் நோய் சுரப்பியை விட்டு வெளியே போகாத நிலையில் பிடிபட்டவர்கள்.

ஒன்றும் இல்லை என்று வந்தால் கோவிலுக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம், ஆனால் கிளினிக் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். பன்னிரண்டு துண்டும் சேர்ந்து சுரப்பியில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, தவறிவிடவும் வாய்ப்பு உண்டு. பிஎஸ்ஏயைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். அரசாங்க கிளினிக்கின் கடிதத்தோடு நிபுணரை முதல் தடவை பார்ப்பது இலவசம், பிறகு தடவைக்கு 5 வெள்ளி (ரிங்கிட்). செலவாவது போக்குவரத்துக்குத்தான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் பண உதவியைப் பெறுபவராகவோ அவருடைய துணையாகவோ இருந்து, வயது 40 அல்லது அதற்கு மேல் என்றால் பேக்கா பி40 என்ற சுகாதார உதவித் திட்டத்தில் வரலாம். 2019-இல் தொடங்கிய திட்டம் அது. தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையிலும், புற்றுநோய் சிகிச்சையை முடித்தவருக்கு 1,000 வெள்ளி வரையிலும் அதில் உதவி உண்டு. நிபந்தனைகள் இருக்கின்றன, சிகிச்சை பெறும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே அதை விசாரிக்கலாம்.